டிஃபென்ஸ் ஆடத் தொடங்குகிறவர்களுக்கு: பேட் தேர்வும் சாப் அடிக்கும் முறையும்

பேட் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், நீங்கள் ஆடும் ஹாலில் மேசை விளிம்பிலிருந்து பின்சுவர் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். டேபிள் டென்னிஸில் டிஃபென்ஸ் ஆடுகிறவருக்கு எந்த பேட் என்பதைப் பாதி அந்த அளவே முடிவு செய்துவிடும். சர்வதேசப் போட்டிகளில் ஒரு மேசைக்கு 14 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் ஒதுக்குகிறார்கள். மேசையின் 2.74 மீட்டர் போக, ஒவ்வொரு பக்கமும் ஐந்தரை மீட்டருக்கு மேல் கிடைக்கும். நம் ஊர் கிளப்களிலும் கல்லூரி ஹால்களிலும் பல இடங்களில் அதில் பாதிகூட இருக்காது. மூன்று மீட்டராவது இருந்தால் பின்வாங்கி நின்று சாப் (பந்தை மேலிருந்து கீழாக வெட்டி அனுப்பும் அடி) அடிக்கும் ஆட்டத்தைக் கற்கலாம். இரண்டு மீட்டருக்குள் சுவர் வந்துவிட்டால் அந்த ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மேசையை ஒட்டி நின்று பிளாக் செய்யும், அதாவது பந்தைத் தடுத்துத் திருப்பும் டிஃபென்ஸும் ஒன்று இருக்கிறது, அதற்கு பேட்டின் முகத்தில் ஒட்ட வேறு ரப்பர் வேண்டும்.

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2003-இல் பாரிஸில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் இறுதி ஆட்டம் வரை வந்து வெர்னர் ஷ்லாகரிடம் தோற்ற தென்கொரியாவின் ஜூ சே-ஹ்யுக், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வென்ற கிம் க்யுங்-ஆ ஆகியோர் முதல் வகை. மேசையை விட்டுப் பின்னால் போய், இறங்கி வரும் பந்தை வெட்டி அனுப்புகிறவர்கள். இந்திய வீராங்கனை மனிகா பத்ரா பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் (நீளமான முனைகள் வெளியே நிற்கும் ரப்பர்) வைத்திருந்தாலும் மேசையை விட்டு அதிகம் நகர்வதில்லை. 2024-இல் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் அன்றைய முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை வென்ற இந்தியாவின் அய்ஹிகா முகர்ஜி பேக்ஹேண்டில், சுழற்சியைப் பிடிக்காத ஆன்டி ரப்பரோடு மேசை அருகிலேயே ஆடுகிறவர். மனிகாவின் ஆட்டத்தைப் பார்த்து அவர் மாதிரி ரப்பர் வாங்கிக்கொண்டு மூன்று மீட்டர் பின்னால் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

லாங் பிம்பிள்ஸ் என்னதான் செய்கிறது

பிளெய்ன் ரப்பர், அதாவது முனைகள் வெளியே தெரியாத சமதளமான ரப்பர், பந்தைப் பிடித்து, வந்த சுழற்சியை நிறுத்தி, உங்கள் கைவீச்சுக்கு ஏற்ற புதுச் சுழற்சியைக் கொடுக்கும். லாங் பிம்பிள்ஸில் பிடிப்பு குறைவு. பந்து பட்டதும் நீளமான பிம்பிள்கள் மடங்கி விடுகின்றன. வந்த சுழற்சியை அவற்றால் தடுத்து நிறுத்த முடியாது. பந்து எந்தப் பக்கமாகச் சுழன்றுகொண்டு வந்ததோ அதே பக்கமாகச் சுழன்றுகொண்டே திரும்பிப் போகும். போகும் திசை மட்டும் மாறிவிட்டதால், டாப்ஸ்பின்னாக (முன்னோக்கி உருளும் சுழற்சியாக) வந்தது எதிராளியின் பார்வையில் பேக்ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) ஆகிறது.

இதிலிருந்து வரும் மூன்று விளைவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி மெதுவாக, நிறைய உரசி லூப் (கீழிருந்து மேலாக உரசி டாப்ஸ்பின் ஏற்றும் அடி) அடித்தால், நீங்கள் சாப் செய்த பந்தில் கனமான பேக்ஸ்பின் இருக்கும். அவர் தட்டையாக ஸ்மாஷ் அடித்தால் அதில் சுழற்சி குறைவு, ஆகவே உங்கள் சாப்பிலும் குறைவு. கை அதே வேகத்தில் இறங்கினாலும் பந்து ஏறக்குறைய சுழற்சியில்லாமல்தான் போகும். அவர் பேக்ஸ்பின்னாகப் புஷ் செய்த, அதாவது மெல்லத் தள்ளி அனுப்பிய பந்தை நீங்கள் பிம்பிள்ஸால் புஷ் செய்தால், அது லேசான டாப்ஸ்பின்னாகவோ சுழற்சியற்றதாகவோ மிதந்து போகும், அடிக்கத் தோதான பந்து. புதிதாக ஆடுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்தில். லூப் அடிக்கத் தெரிந்தவரிடம் நன்றாக ஆடிவிட்டு, புஷ் மட்டுமே செய்யத் தெரிந்தவரிடம் தோற்று வருவார்கள்.

பிளேடு

ஸ்போர்ட்ஸ் கடையில் உறை போட்டுத் தொங்கும் ரெடிமேட் பேட் இந்த ஆட்டத்துக்கு உதவாது. இரண்டு பக்கமும் ஒரே ரப்பர், அதுவும் பெரும்பாலும் தாக்கி ஆடுகிறவர்களை நினைத்துச் செய்தது. பிளேடும் (பேட்டின் மரப்பகுதி) ரப்பரும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

டிஃபென்ஸ் பிளேடுக்கு மூன்று அடையாளங்கள். முழுக்க மரத்தாலான 5 பிளை (ஐந்து அடுக்கு), அதாவது இடையில் கார்பன் அடுக்கு எதுவும் இல்லாதது. 5 முதல் 6 மி.மீ. வரை தடிமன். வழக்கத்தைவிடப் பெரிய முகம்: சாதாரண பிளேடு 157 × 150 மி.மீ. இருக்கும், டிஃபென்ஸ் பிளேடு 160-க்கு மேல் போகும். பெரிய முகம் இருந்தால் உடம்பை நீட்டி எடுக்கும் பந்துகள் ஓரத்தில் பட்டுப் போவது குறையும். விலைப்பட்டியலில் வேகத்தை டெஃப் (மெதுவானது), ஆல் (நடுத்தரம்), ஆஃப் (வேகமானது) என்று பிரித்திருப்பார்கள். டெஃப் அல்லது ஆல் போட்டதைத் தாண்டாதீர்கள். ஸ்டிகா டிஃபென்சிவ் கிளாசிக், டோனிக் டெஃப்ப்ளே சென்சோ இரண்டும் தொடங்குகிறவருக்குப் பொருந்தும். பட்டர்ஃப்ளை நிறுவனம் ஜூ சே-ஹ்யுக் பெயரிலேயே ஒரு பிளேடு வெளியிட்டது. ஃபோர்ஹேண்டில் அடிக்கவும் தெரிந்தவருக்கான பிளேடு அது, முதல் பேட்டாக வேண்டாம்.

எடை 80 முதல் 90 கிராமுக்குள் இருக்கட்டும். கைப்பிடியில் ஸ்ட்ரெயிட், ஃப்ளேர்டு என இரண்டு வகை கிடைக்கும். அடிப்பகுதி விரியாத ஸ்ட்ரெயிட் கைப்பிடியை விரல்களுக்குள் திருப்புவது எளிது. பேட்டைத் திருப்பி ஆடும் எண்ணம் இருந்தால் இதையே எடுங்கள்.

ரப்பர்

ஃபோர்ஹேண்டுக்கு பிளெய்ன் ரப்பர், அதன் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் 1.5 மி.மீ., மிஞ்சினால் 1.8. இதில் பிடிவாதமாக இருங்கள். கடைக்காரரும் நண்பர்களும் 2.1-ஐத்தான் சொல்வார்கள், அது லூப் அடிக்கிறவருக்கானது. சாப் அடிக்கும்போது தடித்த ஸ்பாஞ்சுக்குள் பந்து புதைந்து, எதிராளியின் டாப்ஸ்பின்னையும் சேர்த்து வாங்கிக்கொண்டு மேலே எகிறும், மேசையைத் தாண்டி விழும். மெல்லிய ஸ்பாஞ்சில் பந்து சீக்கிரம் மரத்தைத் தொடுவதால் உங்கள் கை சொன்னபடி போகும். பட்டர்ஃப்ளை டேக்கினஸ் சாப் இதற்கென்றே வந்த ரப்பர்: பிசுபிசுப்பான மேல்பரப்பு, வேகம் குறைவு, சுழற்சி நிறைய. அது கிடைக்காவிட்டால் யசாக்கா மார்க் ஃபைவ் 1.5 போதும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஒரு தொல்லை உண்டு. ஈரக்காற்றில் ரப்பரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து பந்து வழுக்கி வலையில் விழும். ஆட்டத்தின் நடுவே ஆறு புள்ளிக்கு ஒருமுறை துண்டைத் தொட விதி அனுமதிக்கிறது. அப்போது பேட்டையும் துடைத்துக்கொள்ளுங்கள்.

பேக்ஹேண்டுக்கு லாங் பிம்பிள்ஸ். இங்கேதான் ஹாலின் அளவு மறுபடி வருகிறது. ஸ்பாஞ்சே இல்லாமல் வெறும் ரப்பர் தாளாக வருவதை ஓஎக்ஸ் என்பார்கள். வந்த சுழற்சி அதில் அதிகம் தங்கும், வேகம் குறையும், மேசையை ஒட்டி பிளாக் செய்ய அதுவே நல்லது. ஆனால் பின்னால் நின்று சாப் செய்யும்போது பந்து மரத்தில் கடினமாகப் பட்டுத் தெறிப்பதால் ஆழத்தைக் கட்டுப்படுத்துவது சிரமம். பின்வாங்கி ஆடுகிறவர்கள் 0.5 முதல் 1.0 மி.மீ. ஸ்பாஞ்சோடு வாங்க வேண்டும். ஸ்பாஞ்ச் பந்தை ஒரு கணம் தாங்குவதால் உங்கள் கைவீச்சாலும் கொஞ்சம் சுழற்சி சேர்க்கலாம்.

பட்டர்ஃப்ளை ஃபெயின்ட் லாங் டூ, ஃபெயின்ட் லாங் த்ரீ இரண்டும் மன்னிக்கும் குணமுள்ளவை. கோணம் கொஞ்சம் தவறினாலும் பந்து மேசையில் விழும். விக்டாஸ் கர்ல் பி1வி (முன்பு டிஎஸ்பி கர்ல் பி1-ஆர்) பெரிய ஆட்டக்காரர்கள் பலர் விரும்பியது. அது தரும் பேக்ஸ்பின் பயங்கரம், ஆனால் மென்மையான பந்துகளில் அடங்காது. டிபார் கிராஸ் டி டெக்ஸ் இன்னும் முரட்டுத்தனம். ஃபெயின்ட் லாங்கில் தொடங்கி, பத்துப் பந்தில் ஏழெட்டு ஆழமாக விழத் தொடங்கிய பிறகு மற்றதைப் பற்றி யோசியுங்கள். ரப்பரின் முரட்டுத்தனத்தால் கிடைக்கும் புள்ளிகள், அதே ஆள் உங்களோடு நாலு தரம் ஆடியதும் நின்றுபோகும்.

எந்த ரப்பர் வாங்கினாலும் கைப்பிடியை ஒட்டி ஐடிடிஎஃப் (சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1999-இலிருந்து பிம்பிளின் உயரம் அதன் அகலத்தைப்போல் 1.1 மடங்கைத் தாண்டக்கூடாது. 2008-இலிருந்து குறைந்தபட்ச உராய்வும் இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடி மாதிரி வழுக்கும் ரப்பரைப் போட்டிக்கு எடுத்துப் போனால் நடுவர் திருப்பி அனுப்புவார். ரப்பரைச் சுடவைப்பது, எண்ணெய் பூசுவது போன்ற வேலைகளும் விதிக்கு விரோதம்.

நிறம்: ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் சிவப்பு, அல்லது 2021-க்குப் பிறகு அனுமதித்த இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்று.

ஒட்டும் வேலை

முதலில் மரத்துக்கு மிக மெல்லிய ஒரு பூச்சு வார்னிஷ். டிஃபென்ஸ் பிளேடுகளின் மேல் அடுக்கு பெரும்பாலும் லிம்பா மாதிரி மென்மையான மரம். பூச்சு இல்லாமல் ஒட்டினால் அடுத்த முறை ரப்பரை உரிக்கும்போது நாரும் சேர்ந்து வரும்.

பிளெய்ன் ரப்பருக்குத் தண்ணீர் கலந்த பசை: ஸ்பாஞ்சில் ஒரு பூச்சு, மரத்தில் ஒரு பூச்சு. வெள்ளையாகத் தெரியும் பசை கண்ணாடி போலத் தெளியும் வரை காத்திருங்கள். பிறகு கைப்பிடிப் பக்கத்திலிருந்து தொடங்கி உருளையால் அழுத்திக்கொண்டே மேலே போங்கள். மேலே நாலு தடித்த புத்தகங்களை வைத்து ஒருமணி நேரம் விட்டுவிட்டு, புது அலகு போட்ட கட்டரால் ஓரத்தை வெட்டுங்கள்.

ஓஎக்ஸ் தாளுக்கு இந்த முறை சரிவராது. தாள் சுருண்டு மடங்கும், பசை பிம்பிள்களுக்கு இடையே ஏறும். இருபுறமும் ஒட்டும் பசைத்தாள் தனியாக விற்கிறார்கள், அதை மரத்தில் ஒட்டிக் குமிழி இல்லாமல் நீவிவிட்டு, மேல் படலத்தை உரித்து, ரப்பரை அப்படியே கிடத்துங்கள். இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்தால் பிம்பிள்களின் இடைவெளி மாறும், சில நாளில் தாள் சுருங்கி ஓரத்தில் மரம் தெரியும். ரப்பர் பிளேடு முழுவதையும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. ஓஎக்ஸை வெட்டக் கட்டரைவிடக் கத்தரிக்கோல் நல்லது.

முதலில் என்ன பழக வேண்டும்

பிம்பிள்ஸை வாங்கி வைத்துவிடுங்கள், முதல் இரண்டு மூன்று மாதம் இரு பக்கமும் பிளெய்ன் ரப்பரோடு ஆடுங்கள். வீண் வேலை மாதிரித் தெரியும். ஆனால் பிளெய்ன் ரப்பரில் சாப் செய்யக் கற்றவருக்குத்தான் கை முழுதாக இறங்கும். நேரடியாகப் பிம்பிள்ஸில் தொடங்கியவர்கள் பேட்டை நீட்டிப் பந்தைத் தொட்டாலே போதும் என்று பழகி விடுகிறார்கள். எதிராளியிடமிருந்து சுழற்சி வரும்வரை அது பலிக்கும், வராத அன்றைக்கு அவர்களிடம் ஒன்றுமே இருக்காது.

இன்னொரு சிக்கல் ஜோடி. சாப் பழகுவதற்கு எதிரில் நின்று ஒரே சீராக டாப்ஸ்பின் அடிக்கிற ஆள் தேவை. கிடைக்காவிட்டால் ஒரு கூடை நிறையப் பந்து வைத்து, ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பேட்டால் டாப்ஸ்பின் தடவி ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பட்டும். ரோபோ இயந்திரம் இருக்கிற கிளப் என்றால் அதுவும் சரி, வேகத்தைக் குறைத்து டாப்ஸ்பின்னைக் கூட்டி வையுங்கள். ரோபோவின் தாளம் மாறாது என்பதால் அதோடு மட்டுமே பழகியவருக்கு மனிதரின் லூப் முன்பின்னாக வரும்போது தடுமாற்றம் வரும்.

பேக்ஹேண்ட் சாப், நிதானமாக

வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிப் படியுங்கள். மேசையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். முழங்கால் மடங்கியிருக்கட்டும், பாரம் முன்பாதத்தில். பந்து பேக்ஹேண்ட் பக்கம் வருகிறது என்று தெரிந்ததும் இடது காலைப் பின்னால் இழுத்து, இடுப்பையும் தோளையும் இடப்பக்கம் திருப்புங்கள். வலது தோள் எதிராளியைப் பார்க்க வேண்டும். பேட் இடது தோள் உயரத்துக்கு வரட்டும், முகம் சற்றே வானம் பார்த்தபடி.

இப்போது காத்திருங்கள். சாப்பில் கடினமான பகுதி இதுதான். பந்து மேசையில் குதித்து எழுந்து, உச்சி தொட்டு, இறங்கத் தொடங்கி, இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே வரும்வரை கை இறங்கக்கூடாது. பதற்றத்தில் நெஞ்சு உயரத்திலேயே வெட்டினால் பந்து இன்னும் வேகத்தோடு ஏறிக்கொண்டிருக்கும், உயரமாகத் தெறிக்கும்.

இடுப்பு உயரத்துக்கு வந்ததும் முழங்கையிலிருந்து முன்கையை வீசி, மேலிருந்து கீழாகவும் கொஞ்சம் முன்னாகவும் இறக்குங்கள். பந்தின் பின்பக்கத்தில் நடுவுக்குச் சற்றுக் கீழே படவேண்டும். படும் கணத்தில் பாரம் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறுகிறது, முழங்கால்கள் இன்னும் கொஞ்சம் மடங்குகின்றன. பேட் வலது முழங்கால் பக்கம் வந்து முடியும். மணிக்கட்டைப் பூட்டி வைக்காதீர்கள், ஆனால் முதல் சில மாதம் அதைச் சுண்டவும் வேண்டாம்.

கோணம் எப்போதும் ஒன்றல்ல. கனமான டாப்ஸ்பின் வரும்போது பேட்டைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி, நேர் கீழாக வேகமாக இறக்க வேண்டும். மெதுவான, சுழற்சி குறைந்த பந்துக்கு முகத்தைத் திறந்து (மேல்நோக்கிச் சாய்த்து), முன்னோக்கிய தள்ளலைக் கூட்ட வேண்டும். பந்து வலையில் விழுந்தால் கையின் முன்னோட்டம் போதவில்லை. உயரமாக மிதந்தால் முகம் அதிகம் திறந்திருக்கிறது, அல்லது சீக்கிரம் அடித்துவிட்டீர்கள். நீளமாகப் போனால் பெரும்பாலும் உடம்பு எழும்பிவிட்டது. அடிக்கும்போது தலை ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பக்கத்திலிருந்து மொபைலில் படம் எடுத்துப் பாருங்கள்.

பந்து எங்கே விழுகிறது என்பதைக் கவனிக்க எதிர்ப்பக்கத்தின் கடைசி 30 செ.மீ.-இல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வலையை உரசிக்கொண்டு தாழ்வாகப் போய் நடு மேசையில் விழும் சாப்பைவிட, ஒரு சாண் உயரமாகப் போனாலும் கோட்டுக்கு அப்பால் விழும் சாப் பாதுகாப்பானது. ஆழமாக விழுந்தால் எதிராளி பின்னால் நகர்ந்து, கீழிருந்து தூக்க வேண்டியிருக்கும். தாழ்வு பிறகு தானாக வரும்.

ஃபோர்ஹேண்ட் சாப்

கால் வேலை இதன் எதிர்ப்புறம்: வலது கால் பின்னால், பேட் வலது காதை ஒட்டி உயர்ந்து, இடது முழங்கால் பக்கமாக இறங்கும். வித்தியாசம் ரப்பரில் இருக்கிறது. பிளெய்ன் ரப்பர் எதிராளியின் டாப்ஸ்பின்னை முழுதாக உணரும் என்பதால், அதை வெல்லும் அளவுக்குக் கை வேகமாக இறங்கியாக வேண்டும். பேக்ஹேண்டைவிட இன்னும் கொஞ்சம் தாமதமாக, தொடை உயரத்தில் தொடுங்கள். பலர் பயந்துபோய்க் கையை நிறுத்திப் பந்தைத் தாங்க மட்டும் செய்வார்கள், அந்தப் பந்து மேசைக்கு ஒரு மீட்டர் வெளியே போய் விழும். பயந்த கைக்கு இந்த அடி வராது.

ஏமாற்றுவதற்கான இடமும் இதுதான். பேக்ஹேண்டில் சுழற்சியின் அளவை எதிராளிதான் தீர்மானிக்கிறார், ஃபோர்ஹேண்டில் நீங்கள். அதே வீச்சில் பேட்டின் நுனிப்பகுதியில் பட்டு மெல்லியதாக உரசினால் கனமான பேக்ஸ்பின். கைப்பிடிக்கு அருகே சற்றுத் தட்டையாகப் பட்டால் ஏறக்குறைய சுழற்சியே இல்லாத பந்து. தொட்டு முடித்த பிறகு கை இறங்கும் விதம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், எதிராளி அதைத்தான் பார்ப்பார். 2014-இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தபின் சாப்பில் ஏறும் சுழற்சி முன்பைவிடக் குறைந்துவிட்டது. அதனால் கனத்தை மட்டும் நம்புவதைவிட, கனமும் வெறுமையும் மாறி மாறிப் போவதுதான் இப்போது புள்ளி தருகிறது.

பிம்பிள்ஸால் புஷ்

பிளெய்ன் ரப்பரில் பேக்ஸ்பின் பந்தைப் புஷ் செய்யும்போது முகத்தை நன்றாகத் திறப்போம். அந்தப் பழக்கத்தோடு பிம்பிள்ஸில் செய்தால் பந்து வானத்துக்குப் போகும், ஏனென்றால் வந்த பேக்ஸ்பின் பிம்பிள்ஸில் பட்ட பந்தை அவ்வளவாகக் கீழே இழுப்பதில்லை. முகத்தை நிமிர்த்தி, முன்னோக்கித் தள்ளுங்கள். கீழாக வெட்டும் ஆசையை விடுங்கள், வெட்டினாலும் சுழற்சி ஏறாது. சுழற்சியில்லாமல் வரும் குட்டையான சர்வீஸும் இதே தொந்தரவைத் தரும். அதற்குச் சீக்கிரம், பந்து ஏறும்போதே தொட்டு நீளமாகத் தள்ளுவதுதான் வழி.

கால்

டிஃபென்ஸ் ஆட்டக்காரரை வீழ்த்த நினைக்கிறவர் இரண்டு வேலை செய்வார். ஒன்று, இரண்டு மூன்று பலமான லூப்களால் பின்னால் தள்ளிவிட்டு, வலையை ஒட்டிக் குட்டையாக ஒன்று போடுவார். இரண்டு, நேராக உடம்புக்கு அடிப்பார்.

முதலாவதுக்கு முன்பின் ஓட்டப் பயிற்சி: ஜோடி ஒரு நீள டாப்ஸ்பின், ஒரு குட்டைப் பந்து என்று மாற்றி மாற்றிப் போடட்டும். நீங்கள் சாப் அடித்த உடனே முன்னால் காலெடுத்துவைத்து, வலது கால் மேசைக்கு அடியில் போகுமளவு நெருங்கிப் புஷ் செய்துவிட்டு, சின்னச் சின்ன எட்டுகளாகப் பின்வாங்குங்கள். பெரிய தாவல்கள் எடுத்தால் நிற்கவே நேரம் போய்விடும். எதிராளியின் பேட் பந்தைத் தொடும் கணத்தில் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, இரு கால்களிலும் நின்றிருக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து தடவை போதும். அதற்கே மூச்சு வாங்கும்.

உடம்புக்கு வருவதைத் தொடக்கத்தில் பேக்ஹேண்டால் எடுங்கள், பிம்பிள்ஸ் பிழையைப் பொறுக்கும். வலப்பக்கம் ஒரு எட்டு நகர்ந்து இடுப்பைத் திருப்பினால் பந்து இடப்பக்கமாக விழும். இருந்த இடத்திலேயே முழங்கையை ஒடுக்கி எடுத்தால் பந்து மெல்ல எழும்பும், அடுத்தது ஸ்மாஷ்தான்.

பேட்டைத் திருப்புவது

புஷ் மட்டும் செய்கிற எதிராளிக்கு இதுதான் மருந்து. பேட்டைத் திருப்பி பிளெய்ன் ரப்பரை பேக்ஹேண்டுக்குக் கொண்டுவந்து கனமாகப் புஷ் செய்து, அடுத்ததில் பழையபடி பிம்பிள்ஸ். பிடியைத் தளர்த்தி, ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் கைப்பிடியின் மேல்முனையை உருட்டினால் பேட் பாதிச் சுற்று சுற்றும். மற்ற மூன்று விரல்கள் திறந்து மூடும், அவ்வளவுதான். டிவி பார்க்கும்போது கையில் வைத்துக்கொண்டு உருட்டுங்கள், குனிந்து பார்க்காமல் ஒரு நொடிக்குள் திரும்ப வேண்டும். ஆட்டத்தில் மேசை மட்டத்துக்குக் கீழே, எதிராளி பந்தைக் கவனிக்கும் நேரத்தில் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: திருப்பியதை மறந்து ஆடுவது எல்லோருக்கும் நடக்கும். ஆகவே புள்ளி முடிந்ததும் பேட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ், தாக்குதல், விதி

சாப் மட்டும் அடித்து ஜெயிக்கும் காலம் போய்விட்டது. ஃபோர்ஹேண்டில் நம்பகமான ஒரு லூப் கட்டாயம் வேண்டும். அதைப் பயன்படுத்த எளிய இடம் சொந்த சர்வீஸ்: கனமான பேக்ஸ்பின் சர்வீஸும், அதே கைவீச்சில் சுழற்சியற்ற சர்வீஸும். முதலாவதுக்கு எதிராளி புஷ் செய்வார், மூன்றாவது பந்தை நீங்கள் அடிக்கலாம். இரண்டாவதை அவர் பேக்ஸ்பின் என்று நம்பிப் புஷ் செய்தால் பந்து எழும்பி வரும். பந்து கையிலிருந்து குறைந்தது 16 செ.மீ. நேர் மேலே எழும்ப வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், சின்னப் போட்டிகளிலும் இப்போது கேட்கிறார்கள்.

ஆட்டம் தொடங்குமுன் எதிராளி உங்கள் பேட்டைப் பார்க்கக் கேட்பார், காட்ட வேண்டியது கடமை. வேண்டுமானால் விரலால் பிம்பிள்ஸைத் தடவிக்கூடப் பார்க்கட்டும். நடுவில் பிம்பிள்கள் உடைந்து விழுந்த இடம் இருந்தால் அங்கேயே தகராறு வரும். ஆகவே மேசை ஓரத்தில் இடித்த பேட்டைப் போட்டிக்கு முந்தின நாளே பரிசோதித்து, தேவைப்பட்டால் ரப்பரை மாற்றுங்கள். பிம்பிள்ஸைச் சுத்தம் செய்ய மென்மையான பழைய பல் துலக்கியும் கொஞ்சம் தண்ணீரும் போதும், பிளெய்ன் ரப்பருக்கான திரவத்தை அதில் ஊற்றாதீர்கள்.

டிஃபென்ஸ் ஆடுகிறவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விதி எக்ஸ்பெடைட். ஒரு கேம் 10 நிமிடம் ஆகியும் முடியாமல், இருவரும் சேர்ந்து 18 புள்ளிகூட எடுக்கவில்லை என்றால் நடுவர் இதை அமல்படுத்துவார். அதன்பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் சர்வீஸ் மாறும். சர்வீஸை எதிர்கொள்கிறவர் 13 முறை சரியாகத் திருப்பி அனுப்பிவிட்டால் புள்ளி அவருக்கு. அந்த மேட்ச் முடியும்வரை இப்படியேதான். எதிராளி சர்வீஸ் போடும்போது இது உங்களுக்கு வசதி: 13 பந்தைத் திருப்பினால் போதும், ஆழமாக, ஆபத்தில்லாமல் சாப் செய்துகொண்டே இருங்கள். நீங்கள் சர்வீஸ் போடும்போது நிலைமை தலைகீழ், 13-க்குள் முடித்தாக வேண்டும். பதினோராவது பந்தில் அவசரப்பட்டு அடிப்பதைவிட மூன்றாவது அல்லது ஐந்தாவது பந்திலேயே ஃபோர்ஹேண்ட் லூப்பைத் தொடங்கிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஜோடியிடம் சொல்லிவைத்து, ஒருவரை எண்ண உட்காரவைத்து, ஒரு கேம் முழுக்க எக்ஸ்பெடைட் முறையில் ஆடிப் பழகுங்கள்.